தீவுப்பகுதிக் கமக்காரரின் பழைய ஜீப் வண்டி: வீட்டிலே துப்புரவும் பழுதுபார்த்தலும் மேம்படுத்தலும்

முன்னுரை

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவுப்பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரருக்கு வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. விடியற்காலையிற் பறித்த கத்தரிக்காயும் மிளகாயும் வாடுமுன் சந்தையை அடைதல் வேண்டும். உர மூடைகள் மழைக்கு முன் வயலைச் சேர்தல் வேண்டும். இரவில் நோயாளி ஒருவரை வைத்தியசாலைக்கோ இறங்குதுறைக்கோ கொண்டு செல்வதற்கும் அவ்வண்டியே துணை. ஆதலின் பழைய ஜீப் ஒன்று வீட்டில் நிற்குமாயின், அது என்றும் ஓடும் நிலையில் இருத்தல் இன்றியமையாதது.

பழைய வண்டியை விற்றுப் புதியது வாங்குவது இலகுவன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டபோதிலும், வரிச்சுமையால் அவற்றின் விலை சிறு கமக்காரருக்கு எட்டாததாகவே உள்ளது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றிலுள்ளோர் தரைவழியாக யாழ்ப்பாண நகரின் பழுதுபார்க்கும் நிலையங்களை அடையலாம். நயினாதீவு, நெடுந்தீவு மக்களோ குறிகட்டுவான் துறை வரை கடலைக் கடந்தாக வேண்டும். ஆங்கே வண்டியைப் படகிலேற்றி அனுப்புவது செலவும் இடரும் மிக்கது. எனவே, வீட்டிலே செய்யக்கூடிய வேலைகளை முறையாக அறிந்திருத்தல் அங்குள்ளோர்க்குத் தேவையாகின்றது.

பழுதுபார்க்கும் திறமை யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு முதல் போர்க்காலத்திற் பொருளாதாரத் தடை நிலவியபொழுது பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலால் இயக்கிவைக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகமின்றியும் அவற்றைப் பல ஆண்டுகள் ஓட வைத்தோர் இம்மண்ணிலே உள்ளனர். அத்திறமையோடு ஒழுங்கான பேணுதலுஞ் சேருமாயின் பழைய வண்டி நெடுங்காலம் பயன் தரும்.

உப்பு இரும்பை அழிக்கும் விதம்

தீவுப்பகுதி வண்டிகள் பெரும்பாலும் முதுமையினால் அழிவதில்லை; அடியிலிருந்து உப்பினால் அழிகின்றன. கமக்காரர் முதலில் மனதிற் கொள்ளவேண்டிய உண்மை இதுவே.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களிற் பண்ணைத் தாம்போதி, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட தாம்போதி ஆகியவற்றினூடாகச் செல்லும் வண்டியின் மீது கடற்றூவல் படிகின்றது. நீர் உலர்ந்தபின்னும் உப்பு அங்கேயே தங்குகின்றது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 என்னும் அளவைத் தாண்டும்போது கறியுப்பானது காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே நீராகின்றது. கடலுப்பிலுள்ள மகனீசியம் குளோரைட்டோ நூற்றுக்கு 33 அளவிலேயே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். ஆதலின் மழையில் நனையாது கொட்டிலில் நிற்கும் வண்டியும் இரவு முழுவதும் உவர்நீரில் நனைந்தவாறே நிற்கின்றது. அந்நனைவே கறளை உண்டாக்குகின்றது.

வண்டியின் வகையையும் அறிந்திருத்தல் நன்று. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த லாண்ட் றோவர் வண்டிக்கு, அக்காலத்தில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், உடற்றகடு அலுமினியக் கலப்புலோகத்தினாற் செய்யப்பட்டது. அதன் உடல் செங்கறள் பிடிப்பதில்லை. ஆனால் அதன் அடிச்சட்டம் (செசி) உருக்காலானது. அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் உவர்நீர் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். 1953 முதல் 1998 வரை ஜப்பானில் உரிமம் பெற்று உற்பத்தியான மிற்சுபிசி ஜீப், 1960இல் வெளிவந்த ரொயோட்டா லாண்ட் குறூசர் 40 வரிசை, 1982இல் வெளிவந்த பஜேறோ ஆகியவற்றிற்கு உடலும் அடிச்சட்டமும் உருக்கே. அவற்றின் கதவடி, தரைத்தகடு, சக்கரக் குடைவு ஆகியன முதலிற் கறள் பிடிக்கும்.

கடலுப்பைப் போன்றே உரமும் தீங்கு செய்யும். மியூறியேற்று ஒவ் பொட்டாசு எனப்படும் உரம் பொட்டாசியம் குளோரைட்டாகும். அமோனியம் சல்பேற்றும் ஈரத்தோடு சேர்ந்து உருக்கை அரிக்கும். உர மூடை ஏற்றிய அன்றே வண்டியின் பின்தளத்தைக் கூட்டித் துடைத்தல் வேண்டும். கூட்டியெடுத்த உரத்தை வீசாது வயலிலிடலாம்.

எதை முதலிற் செய்வது?

பழைய வண்டியை வாங்கியவுடன் புதுப் பூச்சும் புது விளக்கும் ஒலிபெருக்கியும் பொருத்துவோர் உளர். அடிச்சட்டம் உளுத்த வண்டிக்கு இவை பயன்படா. பணத்தையும் நேரத்தையும் பின்வரும் ஒழுங்கிற் செலவிடுக:

1. பிறேக், திசைதிருப்பி, ரயர்.
2. அடிச்சட்டமும் அதன் கறளும்.
3. குளிர்த்தும் தொகுதி, எஞ்சின் எண்ணெய், வடிகட்டிகள்.
4. மின்கம்பிகளும் விளக்குகளும்.
5. இருக்கை, பூச்சு, மேலதிக வசதிகள்.

ஒரு கொப்பியிலே வண்டி ஓடிய தூரம், மாற்றிய பாகம், திகதி, செலவு ஆகியவற்றை எழுதி வருக. வயற்கணக்கைப் போன்று வண்டிக்கணக்கும் வேண்டும். எப்பாகம் அடிக்கடி பழுதடைகின்றது என்பது அதனாற் புலனாகும்.

தொடங்குமுன் பாதுகாப்பு

தீவுப்பகுதி நிலம் பெரும்பாலும் மணலும் முருகைக்கல்லும் கலந்தது. மணலில் வைத்த ஜாக் பாரம் ஏற ஏறப் புதைந்து சாயும். அதன்கீழ் 2 அங்குலத் தடிப்புள்ள அகன்ற பலகையொன்றை இடுதல் வேண்டும். நிலத்தில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்தல் வேண்டும்.

ஜாக்கின் தாங்குதலை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையற்க. வண்டியை உயர்த்தியபின் அடிச்சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்குதல் வேண்டும். இரும்புத் தாங்கி இல்லாவிடின் வைரமேறிய பனங்குற்றிகளை மட்டமாக அறுத்துக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பயன்படுத்தலாம். முருகைக்கல்லையும் சீமெந்துக் கல்லையும் வைத்தல் கூடாது. அவை வெடிப்புக் காட்டாமலே திடீரென நொறுங்கும் இயல்பின. கீழே நுழையுமுன் வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்து, அசைவில்லையென உறுதி செய்தல் வேண்டும்.

மின்வேலை தொடங்குமுன் பற்றறியின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, வேலை முடிந்தபின் அதனை இறுதியாகப் பூட்டுக. எஞ்சின் சூடாக இருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறத்தல் கூடாது. பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் இருத்தல் கூடும். அத்தூளை ஊதியோ காற்றடித்தோ அகற்றாது ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். அத்துணியைப் பையிலிட்டுக் கட்டிக் கழித்துவிடுக.

பழைய பிரித்தானிய வண்டிகளின் சுரைகள் அங்குல அளவின. ஜப்பானிய வண்டிகளின் சுரைகள் மில்லிமீற்றர் அளவின. 13 மில்லிமீற்றர்ச் சாவி அரை அங்குலச் சுரையில் நுழையும். ஆயின் இறுக்கமாகப் பொருந்தாது முனைகளை மழுக்கிவிடும். வண்டிக்குரிய அளவுச் சாவிகளையே வைத்திருத்தல் வேண்டும். கறள் பிடித்த சுரைக்கு ஊடுருவும் எண்ணெய் இட்டு ஓரிரவு விட்டுப் பின்னரே கழற்றுக.

துப்புரவு செய்தல்

தீவுகளில் நன்னீர் அரிது. கோடையில் பல கிணறுகள் உவர்க்கின்றன. உவர்க் கிணற்று நீராற் கழுவிய வண்டி அழுக்கு நீங்கித் தோன்றினும் அதன்மேல் உப்பு மீண்டும் படிகின்றது. கிணற்று நீர் தகுந்ததா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. புது ஆணி இரண்டினை எடுத்து, ஒன்றைக் கிணற்று நீரிலும் மற்றையதை மழைநீரிலும் பாதி அமிழ்ந்திருக்குமாறு இரு மூடிகளில் வைக்குக. நீர் வற்றியபின் எதிற் கறளும் வெண்படிவும் மிகுதியாக உள்ளனவோ அந்நீர் இறுதி அலசலுக்கு உதவாது.

மழைநீரே சிறந்தது. 20 அடி நீளமும் 20 அடி அகலமுமுள்ள கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 900 லீற்றர் நீர் விழும். சிந்துவது போக 700 லீற்றராவது தொட்டியிற் சேரும். கூரையிலும் கடலுப்புப் படிந்திருக்குமாதலின் முதல் மழையின் நீரை வெளியே விட்டுப் பிந்திய நீரையே சேர்த்தல் வேண்டும். குடிநீரும் நாற்றுமேடை நீரும் போக மிஞ்சியதையே வண்டிக்கு எடுத்தல் முறை.

குறைந்த நீரிற் கழுவும் விதம் வருமாறு:

முதலில் அடிப்பகுதியையே கழுவுக. சக்கரக் குடைவு, அடிச்சட்டத்தின் மேற்பக்கம், வில்லிணைப்பு ஆகிய இடங்களிற் சேற்றை நீரால் நனைத்துக் கால் மணிநேரம் ஊறவிடுக. ஊறிய சேற்றை மரச்சீவலாலும் தும்புத் தூரிகையாலும் தள்ளிவிடுக. இவ்வேலைக்கு உவர் குறைந்த கிணற்று நீர் போதும். பின் முதுகிற் சுமக்கும் 16 லீற்றர்த் தெளிகருவியில் மழைநீர் நிரப்பி அடிப்பகுதி முழுவதையும் அலசுக. மூன்று நிரப்பல் போதுமானது. களைநாசினியோ பூச்சிநாசினியோ இட்ட தெளிகருவியை இதற்குப் பயன்படுத்தற்க. இதற்கெனத் தனியே ஒன்றை வைத்திருத்தல் நலம்.

அடிச்சட்டத்திலும் கதவடியிலும் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் உவர்நீர் உள்ளே தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். மெல்லிய கம்பியால் அத்துளைகளைத் திறந்து விடுக.

மேற்பகுதியை மேலிருந்து கீழாக ஈரத்துணியாற் கழுவி உலர்துணியால் ஒற்றியெடுக்குக. உட்பகுதியில் விரிப்பை வெளியே எடுத்து வெயிலில் உலர்த்துக, தரைத்தகட்டையும் பார்வையிடுக. சிந்திய நெல்மணிகள் எலியை வரவழைக்கும். எலி மின்கம்பிகளைக் கடிக்கும். பூச்சிநாசினிப் போத்தல்களை ஆட்களோடும் மரக்கறியோடும் ஒரே அறையில் ஏற்றுதல் கூடாது.

கழுவிய வண்டியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் உலரவிடுக. இறப்பர்ச் சீலையாலோ பிளாஸ்ரிக் சீலையாலோ இறுக மூடினால் ஈரம் உள்ளே அடைபடும். வீட்டின் காற்றொதுக்குப் புறத்தில், உலர்ந்த கற்றரையின்மேல், கடற்பக்கத்திற்குக் கிடுகு அல்லது பனையோலை மறைப்புக் கட்டிய திறந்த கொட்டிலே தக்கது.

கறள் அகற்றலும் பூச்சும்

இதற்கு உகந்த காலம் மாரி மழை ஓய்ந்தபின், சோளகம் தொடங்குமுன் உள்ள மாசி முதல் சித்திரை வரையான காலமாகும். அக்காலத்திற் பெரும்போக அறுவடையும் முடிந்திருக்கும்.

சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை ஒவ்வோர் அங்குலமாகத் தட்டுக. நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்திற் கூரிய திருகாணிச் செலுத்தியால் அழுத்துக. அது உள்ளே இறங்குமாயின் அவ்விடத்திற்குப் பூச்சு உதவாது. உளுத்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகடு ஒட்டுதல் வேண்டும். அடிச்சட்ட ஒட்டுவேலையை அனுபவமுள்ள ஒட்டுவேலைக்காரரே செய்தல் வேண்டும். பற்றறியையும் அருகிலுள்ள எரிபொருட்டாங்கியையும் முன்னரே கழற்றிவிடுதல் அவசியம். உருக்குடல் வண்டியை வாங்க நினைப்போர் காந்தமொன்றைக் கொண்டு உடற்றகட்டைத் தொட்டுப் பார்க்குக. காந்தம் ஒட்டாத இடத்திற் பசை நிரப்பிக் கறளை மறைத்திருத்தல் கூடும்.

மேலோட்டமான கறளைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் ஒளிரும் உருக்குத் தெரியும்வரை தேய்த்தகற்றுக. பின்னர் அவ்விடத்தை மழைநீராற் கழுவி நன்கு உலர்த்துக. உப்பு நீங்காத கறளின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சைப் பூசினும் சில மாதங்களிற் கொப்புளம் எழும். குழிகளில் எஞ்சும் கறளுக்குப் பொசுபோரிக் அமிலங் கலந்த கறள் மாற்றி பூசலாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குப்பியிற் கூறியவாறு செய்தல் வேண்டும்.

கடற்காற்றிலே திறந்த உருக்கு ஓரிரவிலேயே மீண்டும் சிவக்கும். ஆதலின் அன்று பூசக்கூடிய அளவு இடத்தை மட்டுமே அன்று தேய்த்தல் வேண்டும். காலைப்பனி உலர்ந்தபின் தொடங்கிப் பிற்பகலுக்குள் நாகங் கலந்த அடிப்பூச்சைப் பூசி முடிக்குக. அது காய்ந்தபின் மேற்பூச்சு இரு முறை பூசுக. அடிச்சட்டத்தின் உட்குழிக்குள் மெழுகு கலந்த கறள்தடுப்பு எண்ணெயைத் துளைவழியாகச் செலுத்துக. லாண்ட் றோவரில் அலுமினியமும் உருக்கும் சேருமிடத்தில் இறப்பர்ப் பட்டையோ தடித்த பூச்சோ இடைநிற்கச் செய்து, ஆணிகளுக்குக் கிறீஸ் இட்டுப் பூட்டுக.

பழைய எஞ்சின் எண்ணெயை அடிச்சட்டத்திற் பூசும் வழக்கம் விடத்தக்கது. அதில் அமிலமும் உலோகத்தூளும் புற்றுநோய் தரும் பொருள்களும் உள. மழையில் அது வழிந்து நிலத்தைச் சேரும்.

பழுதுபார்த்தல்

எஞ்சின் எண்ணெய்: வண்டியின் கைநூலிற் கூறிய தூரத்திற்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுக. குறுந்தூரமே ஓடும் வண்டிக்கு, தூரம் நிறையாவிடினும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றுதல் நலம். அளவுகோலில் எண்ணெய் பால்போற் காணப்படுமாயின் நீர் கலந்துள்ளது. காரணமறியாமல் வண்டியை ஓட்டற்க.

எரிபொருள்: 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது டீசலைப் பீப்பாய்களிற் சேமிக்கும் வழக்கம் பரவியது. நெடுநாள் நின்ற டீசலில் நீர் திரண்டு அடியிற் பாசி போன்ற படிவு உண்டாகும். நீர்பிரிக்கும் கிண்ணத்தை மாதமொருமுறை திறந்து நீரை வடிக்குக. டீசலுடன் மண்ணெண்ணெய் கலத்தல் கூடாது. எரிபொருட் பம்பிக்கு வேண்டிய வழுக்குந்தன்மை அதனாற் குறையும். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பெற்றோல் எஞ்சின்களில் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயை நீர்த்துப் போகச் செய்தது. அன்று வேறு வழியில்லை. இன்று அம்முறையைத் தொடர வேண்டியதில்லை.

குளிர்த்தும் தொகுதி: யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக வருவதால் வன்மை மிக்கது. கொதிக்கும் கேத்திலின் அடியிற் படியும் வெண்கட்டியே றேடியேற்றரின் குழாய்களிலும் படிகின்றது. வடித்த நீருடன் கறள்தடுக்கும் குளிர்த்தியைக் கலந்து ஊற்றுக. பற்றறிக்கும் வடித்த நீரையே பயன்படுத்துக.

பிறேக்: பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் உருளைகள் உள்ளே கறள்பிடிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை முழுவதும் மாற்றுக. அதற்குப் பதிலாக எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் இறப்பர் வளையங்கள் வீங்கிப் பிறேக் முற்றாக இயங்காது போகும். இரும்புப் பிறேக் குழாய்களைக் கறளுக்காகப் பார்வையிடுக. மிதி அமிழ்ந்து இறங்கினாலோ வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ பாரம் ஏற்றாது உடனே திருத்துக. வேலை முடிந்தபின் வீட்டு முற்றத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே தெருவிற்கு எடுக்குக.

ரயர்: ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைக் காட்டும். 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரமாகும். குறைந்த தூரமே ஓடும் தீவு வண்டிகளில் ரயரின் பள்ளம் தேயாமலே வெயிலால் இறப்பர் வெடிக்கும். 6 ஆண்டு கடந்தபின் ஆண்டுதோறும் சோதிக்குக. 10 ஆண்டு கடந்ததைப் பயன்படுத்தற்க.

கிறீஸ்: வில்லிணைப்பு, திசைதிருப்பி மூட்டு, சுழல்தண்டு ஆகியவற்றின் கிறீஸ் முளைகளில் பழைய கிறீஸ் வெளியேறும்வரை புதியதைச் செலுத்துக. நீரில் இறங்கிய வண்டிக்கு உடனே கிறீஸ் இடுக. பின்னச்சுப் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயிலும் நீர் புகுந்துள்ளதா எனப் பார்க்குக. கடல்நீரில் வண்டியை இறக்குதல் எக்காரணங்கொண்டும் கூடாது.

மின்தொகுதி: மங்கும் விளக்குக்குக் காரணம் பெரும்பாலும் விளக்கன்று, கறள்பிடித்த மண்தொடுப்புக் கம்பியே. அதனைக் கழற்றி ஒளிரத் தேய்த்து, இறுகப் பூட்டி, வசிலீன் பூசுக. பற்றறி முனையிற் பூத்த வெண்பொடியை அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவலாம். அறைகளுக்குள் அது புகாதவாறு மூடிகளை இறுக்கிக்கொள்க. எரிந்த பியூசுக்குப் பதிலாக ஈயத்தாளையோ தடித்த கம்பியையோ வைத்தல் வண்டி தீப்பற்றுவதற்கு வழியாகும்.

மேம்படுத்தல்

மேம்படுத்தல் என்பது வண்டியை உயர்த்திப் பெரிய ரயர் பூட்டுவதன்று. உயர்த்திய வண்டி வளைவிற் சாயும். பாரத்துடன் காற்று வீசும் தாம்போதியில் அது பேரிடராகும். கமக்காரருக்குப் பயன்தரும் மேம்பாடுகள் இவை:

1. எல்லா இருக்கைகளுக்கும் இருக்கைப் பட்டி.
2. எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் நல்ல மானி.
3. டீசல் வழியில் மேலதிக நீர்பிரிப்பான்.
4. முன்விளக்குகளுக்குத் தனிக் கம்பியும் றிலேயும். எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்குகள் தவிர்க்கப்படல் வேண்டும்.
5. பின்தளத்திற்குக் கழற்றி எடுக்கக்கூடிய இறப்பர் விரிப்பு; உரமும் மரக்கறியும் வேறு வேறாக வைப்பதற்குத் தடுப்பு.
6. சக்கரங்களின் பின் சேறுதடுக்கும் இறப்பர்த் தகடு.

எஞ்சினையோ நிறத்தையோ மாற்றுவோர் அதனை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவு செய்தல் வேண்டும். ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். தூய காற்று வடிகட்டியும் சரியாக அமைந்த எரிபொருட் பம்பியும் உள்ள வண்டி அச்சோதனையில் தேறுவது இலகு.

கழிவு எண்ணெயும் கிணறும்

தீவுகளின் நன்னீர் சுண்ணக்கல்லிலும் மணலிலும் கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. மேலே ஊற்றியது எதுவும் வெடிப்புகளினூடாக விரைவிற் கீழிறங்கும். குடிப்பதற்கும் தோட்டத்திற்கும் அதே நீரே ஆதாரம். ஒருமுறை மாற்றும் எஞ்சின் எண்ணெய் 5 முதல் 7 லீற்றர் வரையாகும். அதில் ஒரு லீற்றரே பல இலட்சம் லீற்றர் நீரைக் குடிக்கத் தகாததாக்க வல்லது.

எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தால் விளைவது யாதென யாழ்ப்பாணத்தார் கண்ணாற் கண்டனர். குடாநாட்டின் சுன்னாகம் பகுதியிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கு 2015இல் உயர் நீதிமன்றத்திற் தொடரப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அந்நீதிமன்றம், மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. குடாநாட்டிலே அயலூரிலிருந்து நீர் கொண்டுவர முடிந்தது. தீவிலே அவ்வழியும் அரிது.

ஆதலின் எண்ணெய் மாற்றும்போது அகன்ற தட்டத்தில் ஏந்தி, பழைய எண்ணெய்க் கலனிலேயே ஊற்றி மூடிவைத்து, நகருக்குச் செல்லும்போது கழிவு எண்ணெய் சேர்க்கும் நிலையத்தில் ஒப்படைக்குக. வேலியடியிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் கூடாது, எரித்தலும் கூடாது. சிந்தியதன்மேல் உமியோ மரத்தூளோ தூவி உறிஞ்சச் செய்து அள்ளியெடுக்குக. வண்டி கழுவுமிடமும் பழுதுபார்க்குமிடமும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடிக்கு அப்பால், கிணற்றை நோக்கி நீர் வடியாத தாழ்புறத்தில் அமைதல் வேண்டும். பழைய பற்றறியில் ஈயமும் அமிலமும் உள. அதனை உடையாது விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுக்குக.

ஆண்டு முழுவதும் செய்யவேண்டியவை

நாள்தோறும்: எஞ்சின் எண்ணெய், குளிர்த்தும் நீர், ரயர், பிறேக் மிதி ஆகியவற்றைப் பார்க்குக.

வாரந்தோறும்: அடிப்பகுதியை அலசுக. சோளகக் காலத்தில் தாம்போதியைக் கடந்த நாளின் மாலையிலேயே காற்றுப்பட்ட பக்கத்தை நன்னீராற் துடைக்குக.

மாதந்தோறும்: நீர்பிரிப்பானை வடிக்குக, கிறீஸ் இடுக, பற்றறி முனைகளைப் பார்க்குக, வடிதுளைகளைத் திறக்குக.

மாசி முதல் சித்திரை வரை: அடிச்சட்டத்தைத் தட்டிச் சோதித்துக் கறளகற்றிப் பூச்சிடுக.

புரட்டாதியில், மழைக்கு முன்: பிறேக், ரயர், துடைப்பான், விளக்கு ஆகியவற்றைச் சோதிக்குக, கூரைப் பீலியையும் மழைநீர்த் தொட்டியையும் துப்புரவாக்குக.

இங்குக் கூறிய முறைகள் இருசக்கர உழவியந்திரத்திற்கும் நீரிறைக்கும் இயந்திரத்திற்கும் பெரும்பாலும் பொருந்தும். வண்டியில் உப்பையும் கிணற்றில் எண்ணெயையும் சேரவிடாது காத்தலே தீவுப்பகுதிக் கமக்காரர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதியாகும்.